முதல் ட்ரம்பெட்: ஒரே குரல், பல பாணிகள்

(பெங்களூரில் இளம் காற்றிசைக் கலைஞர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ட்ரம்பெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், வீட்டில் ஊதிப் பழக இடம் கொடுத்திருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் என் வணக்கம். அடுக்குமாடி வீட்டில் ஒரு பிள்ளை பித்தளைக் கருவி பழக வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தாரின் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமையும் இசைக்குச் செய்யும் தொண்டுதான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது லீட் ட்ரம்பெட் பற்றி. மூன்று, நான்கு ட்ரம்பெட்டுகள் சேர்ந்து ஊதும் குழுவில் ஒருவர் முதல் பகுதியை ஊதுவார். பெரும்பாலும் மேல் சுரங்கள் அவருடையவை. அவரைத்தான் லீட் என்கிறோம். யார் அதிக உயரத்துக்குப் போகிறாரோ, யார் அதிகச் சத்தம் எழுப்புகிறாரோ அவரே லீட் என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பல நல்ல உதடுகளை இருபது வயதுக்குள் களைக்கச் செய்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். லீட் ஊதுபவர் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று முடிவுகளை எடுக்கிறார். சுரம் எப்படித் தொடங்கும், எவ்வளவு நேரம் நிற்கும், எப்படி முடியும். பக்கத்தில் இருப்பவர்கள் அந்த முடிவுகளைக் காதால் கேட்டு, அவர் ஒலியின்மேல் தங்கள் ஒலியை வைக்கிறார்கள். ஒரு பாணியிலிருந்து இன்னொரு பாணிக்குப் போகும்போது மாற வேண்டியவை இந்த மூன்றும். அடியில் இருக்கும் குரல் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்தக் குரலை முதலில் கட்டுங்கள். பாணிகள் அதன்மேல் வந்து அமரும்.

இந்த ஊர் கேட்டு வளர்ந்த ஊதல்

பெங்களூரில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1809-இல் இங்கே பிரிட்டிஷ் படையின் கண்டோன்மென்ட் அமைந்தது. படை வந்த இடத்துக்கெல்லாம் பேண்டும் வந்தது. அணிவகுப்பு, கொடியிறக்கம், அதிகாரிகளின் விருந்து, ஞாயிறு வழிபாடு எல்லாவற்றுக்கும் பித்தளைக் கருவிகள் வேண்டியிருந்தன. கப்பன் பூங்காவிலும் லால்பாக்கிலும் நிற்கும் பேண்டு மேடைகள் அந்தக் காலத்தின் அடையாளங்கள். ஒலிபெருக்கி இல்லாத நாளில், மரங்களுக்கு நடுவே திறந்த வெளியில், ஊதும் மூச்சை மட்டும் நம்பி அந்த மேடைகளில் இசை நடந்தது.

அந்தக் கண்டோன்மென்டின் பேச்சில் தமிழ் கலந்தே இருந்தது. 1780-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடும் மதராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அந்தப் படையின் வீரர்களைத் 'தம்பி' என்று அழைப்பது இன்றும் வழக்கம். அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்த ஊதலைக் கேட்டு வளர்ந்தவை. தேவாலயத் திருவிழா, கல்யாண ஊர்வலம், இறுதி ஊர்வலம் என்று வாழ்க்கையின் எல்லா வாசல்களிலும் பேண்டு செட் நின்றது.

மறுபக்கம் மைசூர் அரண்மனை. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அங்கே மேற்கத்திய இசைக்குழுவும் இருந்தது, மேற்கத்தியக் கருவிகளில் கருநாடக இசை வாசிக்கும் பேண்டும் இருந்தது. ஓட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியர் அரண்மனையின் மேற்கத்தியக் குழுவை நடத்தினார். பின்னால் வந்த ஜெயசாமராஜேந்திர உடையார் 94 கீர்த்தனைகள் இயற்றியவர். லண்டனில் ஃபில்ஹார்மோனியா இசைச் சங்கம் 1948-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவரும் அவரே. அந்த மரபின் தொடர்ச்சியாகக் கர்நாடகக் காவல்துறையில் இன்றும் இங்கிலீஷ் பேண்டு, கர்நாடக பேண்டு என இரண்டு குழுக்கள் இருக்கின்றன. தசரா நாளில் மைசூரில் நின்று கேட்டவர்களுக்கு அந்த ஒலி தெரியும்.

ஆகவே இந்த ஊரில் ட்ரம்பெட் ஊதப் பழகும் ஒருவர் காலையில் அணிவகுப்பு மெட்டும், மாலையில் தேர்த் திருவிழாப் பாட்டும், இரவில் ஜாஸும், மறுநாள் சினிமா ஒலிப்பதிவும் ஊத நேரலாம். பாணி மாற்றம் அவருக்குப் பிழைப்பின் தேவை.

குழாய்க்குள் நடப்பது

பாணிகளுக்குப் போகுமுன் கருவியைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

நாம் ஊதும் பி-ஃபிளாட் ட்ரம்பெட்டின் குழாயை நீட்டிப் பார்த்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதன் கணிசமான பகுதி ஒரே விட்டமுள்ள நேர் உருளை. முடிவில்தான் மணி போல விரிகிறது. ஃபிளூகல்ஹார்ன் ஏறக்குறைய அதே நீளம். ஆனால் அதன் குழாய் வெகு முன்பே விரியத் தொடங்கிவிடும். அதனால்தான் அதன் ஒலி மெத்தென்று இருக்கிறது. ட்ரம்பெட் பளிச்சென்று கேட்கிறது.

1960-களின் நடுவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிரெஞ்சு இசையறிஞர் ஜான் க்ளோத் ரிஸே கணினியைக் கொண்டு ட்ரம்பெட் ஒலியைப் பகுத்துப் பார்த்தார். அவர் கண்டவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். முதலாவது, சத்தம் கூடும்போது, ஒரு சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேற்சுரங்கள் (ஓவர்டோன்கள்) எல்லாம் ஒரே அளவில் கூடுவதில்லை. மேலே இருப்பவை இன்னும் வேகமாகக் கூடுகின்றன. பலமாக ஊதும்போது ஒலி பெரிதாவதோடு பிரகாசமாகவும் ஆவது இதனால்தான். இரண்டாவது, ஒரு சுரம் பிறக்கும் அந்தச் சிறு கணத்தில் மேற்சுரங்களில் கீழே உள்ளவை முதலில் வருகின்றன. மேலே உள்ளவை சற்றுப் பின்னால் வந்து சேர்கின்றன. 'இது ட்ரம்பெட்' என்று நம் காது அடையாளம் காண்பதில் அந்தத் தொடக்கக் கணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே தொடக்கத்தை ஆள்பவர் ஒலியின் நிறத்தையே ஆள்கிறார். நாக்கு எங்கே தொடுகிறது, மூச்சு எவ்வளவு தயாராக நிற்கிறது என்பவை ஒரு சுரத்தை அணிவகுப்புச் சுரமாகவோ தேவாலயச் சுரமாகவோ ஆக்கிவிடுகின்றன.

மவுத்பீஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். மாணவர்கள் கையில் பெரும்பாலும் பாக் 7சி அல்லது 3சி இருக்கும். லீட் ஊதுபவர்களிடம் ஷில்கே 14ஏ4ஏ போன்ற ஆழம் குறைந்த கிண்ணம் இருக்கும். ஆழம் குறைந்தால் மேற்சுரங்கள் எளிதில் தெறிக்கும், ஒலி கூர்மையாகும். அதற்கு விலை உண்டு. கீழ்ச் சுரங்களில் பருமன் போகும். உதடு வீங்கினால் கிண்ணத்தின் அடியில் முட்டி ஒலி நின்றுவிடும். குரல் இல்லாதவருக்கு அந்த மவுத்பீஸ் உயரத்தைத் தராது. குரல் உள்ளவருக்கு ஓர் இரவு முழுவதும் பலமாக ஊத வேண்டிய வேலையில் சிறிது களைப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே மவுத்பீஸோடு இருங்கள் என்பது என் உறுதியான கருத்து.

எட்டுச் சுரங்கள், ஆறு பாணிகள்

இப்போது சங்கராபரணத்தின் ஆரோகணத்தை எடுத்துக்கொள்வோம். ச ரி க ம ப த நி ச. மேற்கத்திய இசையில் மேஜர் ஸ்கேல். பாட்டு எதுவும் வேண்டாம், இந்த எட்டுச் சுரங்கள் போதும். ஒவ்வொரு பாணியிலும் இவற்றை ஊதிக் காட்டுகிறேன். மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: தொடக்கம், நீளம், முடிவு.

(ஊதிக் காட்டுகிறார்.)

இது அணிவகுப்பு. ஒவ்வொரு சுரமும் 'து' என்ற தெளிவான நாக்கு அடியோடு தொடங்குகிறது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே சிறு வெளிச்சம் தெரிகிறது. நூறு பேர் காலடி வைக்க வேண்டிய இசை இது. திறந்த மைதானத்தில் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் பின்வரிசையில் நடப்பவருக்குத் தாளம் குழம்பிவிடும். இங்கே லீட் செய்யும் சேவை, கடைசி வரிசை வரை கேட்கும் தொடக்கம்.

இந்த ஊரின் குளிரையும் இங்கே நினைவில் வையுங்கள். டிசம்பர் காலையில் மைதானத்தில் 15 பாகை, அரங்கினுள் 25 பாகை என்று வைத்துக்கொள்வோம். குழாய்க்குள் இருக்கும் காற்று முழுதும் பத்துப் பாகை குளிர்ந்தால் சுருதி ஓர் அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். நம் மூச்சின் சூடு அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஊதாமல் காத்திருந்த ட்ரம்பெட்டுக்கு அந்த ஈடும் கிடையாது. ஆகவே அணிவகுப்புக்கு முன்பு குழாயில் மெல்ல வெறும் மூச்சைச் செலுத்திச் சூடாக்குங்கள். அதன்பிறகு சுருதி சேருங்கள்.

(ஊதிக் காட்டுகிறார்.)

இது தெரு ஊர்வலம். செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தின் தேர் நகரும் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். மக்கள் கடல். பேண்டு செட்டில் பெரும்பாலும் எழுதிய நோட்ஸ் கிடையாது. ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ஒரே மெட்டை ஊதும். பின்னால் ட்ரம் முழங்கும். மக்களுக்குத் தெரிந்த பாட்டு அது. அவர்கள் மனத்தில் சொற்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே லீட் ஊதுபவர் பாடகரைப் போல வரியின் அர்த்தம் முடியும் இடத்தில் மூச்செடுக்க வேண்டும். பேண்டு செட்டில் பழுத்தவர்கள் இதைக் கற்றுக்கொண்டது பள்ளியில் அல்ல, தெருவில். மணிக்கணக்காக நடந்துகொண்டே ஊத வேண்டியிருப்பதால் இரண்டு ட்ரம்பெட்டுகள் பல்லவியையும் சரணத்தையும் பங்கிட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் உதட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். மேல்நாட்டுப் பெரிய குழுக்களில் உதவி முதல் ட்ரம்பெட் என்று ஒருவரை அமர்த்துவதும் இதே காரணத்துக்காகத்தான். நம் பேண்டு செட்காரர்களின் அறிவை நாம் போதிய மதிப்போடு பார்த்ததில்லை. அவர்களிடம் மாணவராகப் போங்கள்.

(ஊதிக் காட்டுகிறார்.)

மூன்றாவது ஆர்க்கெஸ்ட்ரா. தொடக்கத்தில் நாக்கு தெரியக் கூடாது. மூச்சு முன்னே போக, நாக்கு அதற்கு வழிவிடுவது போல இருக்க வேண்டும். சுரம் முழு நீளம் நிற்கும். முடிவு அறையின் எதிரொலியில் கரையும். இங்கே முதல் ட்ரம்பெட் மற்றக் கருவிகளின் நிறத்தோடு கலக்கக் கடமைப்பட்டவர். கிறிஸ்துமஸ் காலத்தில் ஹாண்டெலின் 'மெசையா'வைப் பாடும் குழுக்களை நீங்கள் கேட்டிருக்கலாம். 1742-இல் டப்ளினில் அரங்கேறிய படைப்பு அது. அன்று ட்ரம்பெட்டில் வால்வே இல்லை. ஜெர்மனியில் ஷ்டோல்ட்ஸெலும் ப்ளூமெலும் வால்வுக்கு உரிமம் பெற்றது 1818-இல். அதற்கு முன்னால் ஊதியவர்கள் நீண்ட குழாயின் மேற்சுரங்களைப் பெரும்பாலும் நம்பி, உதட்டாலும் காதாலும் மெட்டமைத்தார்கள். அவர்கள் அந்த உயரத்தில் மென்மையாக ஊதவும் தெரிந்தவர்கள். மேல் சுரம் என்றாலே பலம் என்று நினைப்பவர்கள் அந்த மரபைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

(ஊதிக் காட்டுகிறார், அவையில் சிலர் கை தட்டித் தாளமிடுகிறார்கள்.)

நான்காவது ஸ்விங். லீட் ட்ரம்பெட் என்ற சொல்லுக்கே பிறந்த வீடு இதுதான். பிக் பேண்டில் நான்கு, ஐந்து ட்ரம்பெட்டுகள் பின்வரிசையில் அமரும். அவற்றின் நடுவில் லீட். அவருக்கு நேர் முன்னால் லீட் ட்ரம்போன், அதற்கு முன்னால் லீட் ஆல்ட்டோ சாக்ஸ் என்று அமர்த்துவது வழக்கம். மூன்று வரிசைகளும் ஒரே வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச அந்த அமைப்பு உதவுகிறது.

கேட்டீர்களா, எட்டுச் சுரங்களும் சம இடைவெளியில் விழவில்லை. 'டூ-தா, டூ-தா' என்று நீளமும் குறுக்கமுமாக நடந்தன. அழுத்தம் தாளத்தின் அடிமேல் விழாமல் அடுத்த பாதிமேல் விழுந்தது. கடைசிச் சுரத்தை 'டாட்' என்று நாக்காலேயே வெட்டினேன். ஆர்க்கெஸ்ட்ராவில் பிழையாகக் கருதப்படும் அதே வெட்டு இங்கே அழகு. ஐந்து பேரும் ஒரே நொடியில் வெட்டினால் அந்த மௌனமும் தாளத்தில் சேர்ந்துவிடும். நீண்ட சுரமாக இருந்தால் நேராகத் தொடங்கி, முடியும்போது மட்டும் சற்றே அசைவு கொடுக்கலாம். எவ்வளவு அசைவு என்பதை லீட் தீர்மானிப்பார். மற்றவர்கள் தங்களுடையதைச் சேர்க்கக் கூடாது.

கவுண்ட் பேஸி குழுவில் ஸ்னூக்கி யங் ஊதிய லீட்டைத் தேடிக் கேளுங்கள். அவசரமே இல்லாமல், தாளத்தின் பின்பக்கத்தில் சாய்ந்துகொண்டு போகும் அந்த ஒலி. ஸ்டூடியோக்களில் புகழ்பெற்ற கொன்ராட் கோஸோவைக் கேளுங்கள். கீழிருந்து மேல் வரை ஒரே பருமன். டியூக் எலிங்டன் குழுவின் கேட் ஆண்டர்சனைக் கேளுங்கள். மனிதக் காது 'இதற்குமேல் ட்ரம்பெட் இல்லை' என்று நினைக்கும் இடத்துக்கு மேலே அவர் பாடுவார். 1963-இல் எலிங்டன் குழு இந்தியாவுக்கு வந்த பயணத்தில் அவரும் இருந்தார். மூவரும் லீட் ஊதியவர்கள். மூவர் குரலும் வேறு. மூவரிடமும் பொதுவாக இருப்பது, அடுத்த சுரம் எப்போது விழும் என்பதில் கேட்பவருக்குச் சந்தேகமே எழாத உறுதி.

நம் நாட்டிலும் அந்த மரபு வந்தது. கோவாவின் அல்டோனாவில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், சிக் சாக்லேட் என்ற பெயரில் பம்பாய் தாஜ் ஹோட்டலில் குழு நடத்தினார். இந்தியாவின் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்று அவரை அழைத்தார்கள். இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவோடு பணிபுரிந்து, 1951-இல் வந்த 'அல்பேலா' படத்தில் ஸ்விங்கின் நடையைச் சினிமாப் பாட்டுக்குள் கொண்டுவந்த கைகளில் அவருடையதும் ஒன்று. நடன அரங்கின் ட்ரம்பெட் இந்தியச் சினிமாவுக்குள் நுழைந்த வழிகளில் இது ஒன்று.

(ஊதிக் காட்டுகிறார்.)

ஐந்தாவது, கியூபாவின் வழி வந்த லத்தீன் பாணி. சுரங்கள் மறுபடி சம அளவு ஆகிவிட்டன. ஆனால் ஒவ்வொன்றின் முகப்பும் கூர்மை. இந்த இசை முழுவதும் கிளாவே என்ற ஐந்து தட்டு அமைப்பின்மேல் நிற்கிறது. அதைக் கையால் போடத் தெரியாதவர் லத்தீன் லீட் ஊத முடியாது. 1930-களில் சிக் வெப் குழுவில் லீட் ட்ரம்பெட் ஊதிய மாரியோ பௌஸா கியூபாக்காரர். ஜாஸின் சொற்றொடரையும் கியூபாவின் தாளத்தையும் இணைத்த ஆப்ரோ-கியூபன் ஜாஸுக்கு வழிவகுத்தவர் அவரே. இரண்டு வீடுகளிலும் வாழ்ந்த ஒரு லீட் ட்ரம்பெட்காரரால்தான் அது முடிந்தது. மெக்சிகோவின் மரியாச்சியில் இரண்டு ட்ரம்பெட்டுகள் மூன்றாம் சுர இடைவெளியில் இணைந்து பறக்கும். அங்கே அசைவு முடிவில் மட்டும் அல்ல, சுரம் முழுவதும் ஓடும். அதே கருவி, அதே எட்டுச் சுரங்கள். ஊருக்கு ஊர் சுரத்தின் உடல் மாறுகிறது.

மேனார்ட் ஃபெர்குசன் நமக்கு விட்டுச் சென்றது

ஆறாவது பாணிக்குப் போகுமுன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாவில் 1928-இல் பிறந்த மேனார்ட் ஃபெர்குசன், 1950-களின் தொடக்கத்தில் ஸ்டான் கென்டன் குழுவில் ஊதிய உயரங்களால் உலகப் புகழ் பெற்றார். உயர்ந்த லீட் ஒலி என்றால் ட்ரம்பெட் உலகம் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று அவருடையது. 1960-களின் பிற்பகுதியில் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார். இங்கிருந்து சாலையில் சில மணி நேரத் தொலைவில் மதனப்பள்ளிக்கு அருகே இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியில் கற்பித்தார். பின்னாளில் புட்டபர்த்தி சத்ய சாய் கல்வி நிறுவனத்தில் மாணவர்களின் பித்தளைக் குழுவுக்கும் பயிற்சி கொடுத்தார்.

புகழின் உச்சியைத் தொட்ட ஒருவர் எதைத் தேடி இங்கே வந்தார் என்பது அவருடைய உள்ளத்துக்குரியது. அவர் இங்கிருந்து எடுத்துக்கொண்டவற்றுக்கு இசையில் தடம் இருக்கிறது. யோகத்தின் மூச்சுப் பயிற்சியைத் தம் ஊதலோடு இணைத்தார். 1990-களில் அவருடைய குழு வாசித்த ஒரு படைப்புக்கு 'மிஸ்ர தேனுகா' என்று பெயர். தேனுகா நம் மேளகர்த்தா ராகங்களில் ஒன்பதாவது. மிஸ்ரம் ஏழின் தாளக் கணக்கு. ஹோல்ட்டன் நிறுவனம் தயாரித்த 'ஃபயர்பேர்ட்' என்ற கருவியும் அவருடைய யோசனை. ஒரு கையில் வால்வுகள், மறு கையில் ட்ரம்போனைப் போல ஒரு சிறு ஸ்லைடு. வால்வுகளுக்கு நடுவே இருக்கும் சுரங்களை வழுக்கிக்கொண்டே தொட அதில் முடியும்.

உயரத்துக்குப் பெயர்போன அந்த மனிதர் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தைத் தேடினார். அந்த இடத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: கமகம்.

கருநாடக இசையும் மூன்று வால்வுகளும்

(ஊதிக் காட்டுகிறார்.)

ஆறாவது முறை ஊதியபோது எட்டுச் சுரங்களும் தனித்தனியாக நிற்கவில்லை. சில சுரங்கள் அடுத்த சுரத்தை எட்டிப் பார்த்துத் திரும்பின. சில, கீழிருந்து சறுக்கி வந்தன. வால்வைப் பாதி அழுத்தியும், உதட்டால் சுருதியை வளைத்தும் இதைச் செய்கிறோம். வால்வு அரைச் சுரக் கணக்கில் இறக்குவதற்காகப் பிறந்தது. பாதி அழுத்தினால் காற்றோட்டம் தடைப்பட்டு ஒலி மங்கும். அந்த மங்கலைக் கமகத்தின் நிழலாகப் பயன்படுத்தலாம். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம் கேட்கும் அகன்ற அசைவை அதைக்கொண்டு முழுதாகத் தர முடியாது.

இந்தச் சிக்கலை நம் முன்னோர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டுகளின் மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார். அவைதாம் நோட்டுசுவர சாகித்தியங்கள். பெரும்பாலும் சங்கராபரணத்தின் நேர்ச் சுரங்களில், கமகம் இல்லாமல் நடப்பவை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அரசவையிலும் மேற்கத்திய பேண்டு ஒலித்தது. பின்னர் மைசூர் சமஸ்தான வித்துவானாக விளங்கிய ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றி, மதுரை மணி ஐயர் பாடி ஊரெல்லாம் பரப்பிய 'இங்கிலீஷ் நோட்டு' அந்த வழியின் அடுத்த கண்ணி. ட்ரம்பெட் ஊதும் பிள்ளைகள் கருநாடக இசைக்குள் நுழைய இவற்றைவிட நல்ல வாசல் இல்லை. கருவியின் இயல்பும் மெட்டின் இயல்பும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

அதைத் தாண்டிப் போக முடியுமா? முடியும் என்று காட்டியவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட மங்களூர்ப் பகுதி இளைஞர், கருவியின் அமைப்பையே மாற்றி, பல ஆண்டுகள் உழைத்து அதில் ராகத்தை முழு வடிவில் கொண்டுவந்தார். 1994-இல் லண்டனின் பிபிசி புரோம்ஸ் மேடையிலும் அது ஒலித்தது. ட்ரம்பெட்டில் அத்தகைய ஒருவர் வருவார் என்று நான் நம்புகிறேன். இந்த அவையிலிருந்தே வரலாம்.

அப்படி வருபவர் நாகஸ்வரத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), உச்ச சுருதியில் ஒலித்த குட்டையான திமிரி நாயனத்தை விட்டு, நீளமான பாரி நாயனத்துக்கு மாறினார். சுருதி இறங்கியது, ஒலியின் பருமன் கூடியது. பெருங்கூட்டத்தின் கடைசி வரிசை வரை ஒலியைக் கொண்டுபோக உயரம்தான் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவருடைய வாசிப்பே பதில். லீட் ட்ரம்பெட் பழகும் ஒவ்வொருவரும் அவருடைய தோடி ஒலிப்பதிவை ஒரு முறையாவது, ஒலியின் உடலைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

பழகும் முறை

இனி நேரடியாகப் பயிற்சிக்கு வருகிறேன்.

முதலில் பாடுங்கள். கருவியை எடுக்குமுன் அந்த வரியை அந்தப் பாணியின் ஓசையோடு வாயால் பாடுங்கள். அணிவகுப்பு என்றால் 'து து', ஸ்விங் என்றால் 'டூ-தா-டாட்', கருநாடகம் என்றால் சுரம் சொல்லி. வாய் சொல்லாததை ட்ரம்பெட் சொல்லாது.

இரண்டாவது, நீண்ட சுரங்களை மிக மென்மையாக ஊதுங்கள். உதட்டின் திறப்பு சிறியதாகவும் உறுதியாகவும் அமைய மென்மையே வழி. மேல் சுரங்களையும் முதலில் மென்மையாகவே தொடுங்கள். மெல்ல வராத சுரம் பலமாக வந்தாலும் அது உங்களுடையது அல்ல, அன்றைய பலத்துடையது.

மூன்றாவது, வால்வை மாற்றாமல் உதட்டாலும் நாக்கின் வளைவாலும் ஒரு மேற்சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பயிற்சி. மேலே போகும்போது 'ஆ' என்பதிலிருந்து 'ஈ' என்பதற்கு நாக்கு எழும். மூச்சின் வேகம் கூடும். மவுத்பீஸை உதட்டில் அழுத்தி உயரம் தேடினால் இரத்த ஓட்டம் தடைப்படும். சில நிமிடங்களில் உதடு மரத்துவிடும்.

நான்காவது, ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு. இருவர் சேர்ந்து பழகினால் ஒருவர் ஊத, மற்றவர் கேட்கலாம். ஓய்வும் கிடைக்கும், காதும் வளரும். பாரிஸ் இசைக் கல்லூரியின் ஆசிரியர் ஆர்பான் 1864-இல் வெளியிட்ட பயிற்சி நூலும், ஹெர்பர்ட் கிளார்க் 1912-இல் வெளியிட்ட பயிற்சிகளும் இன்றும் உலகெங்கும் மாணவர் மேசையில் இருக்கின்றன. இரண்டையும் மெதுவாகப் பழகினால் போதும், ஓட்டப்பந்தயம் வேண்டாம்.

ஐந்தாவது, நான் இன்று செய்த எட்டுச் சுரப் பயிற்சி. நாளுக்கு ஒரு பாணி. முன்னால் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது சரியா தவறா என்று பார்க்காமல் தொடக்கம், நீளம், முடிவு என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். எது அந்தப் பாணிக்கு உரியதல்ல என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆறாவது, இரண்டாம் ட்ரம்பெட் ஊதுங்கள். லீட் ஆக விரும்பும் ஒவ்வொருவரும் சில காலம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து இன்னொருவரின் முடிவுகளைப் பின்பற்ற வேண்டும். பின்பற்றுவது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்தான் பின்பற்றத்தக்க முறையில் ஊதுவார். தெளிவில்லாத லீட் பக்கத்தில் நான்கு பேரைத் தவிக்க விடுகிறார். தெளிவான லீட் பக்கத்தில் சாதாரணமாக ஊதுபவர்களும் நன்றாக ஊதுகிறார்கள். ஒரு லீட்டின் தரத்தை அளக்க நான் அறிந்த அளவுகோல் இதுவே: அவர் பக்கத்தில் இருப்பவர்களின் ஒலி.

இந்த ஊருக்கு ஒரு வேண்டுகோள்

இந்த நகரத்தில் ட்ரம்பெட் கற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான்கு பேர் வரிசையாக அமர்ந்து ஒன்றாக ஊதும் வாய்ப்பு குறைவு. சினிமா ஒலிப்பதிவிலும் இப்போது ஒருவரே முதல், இரண்டாம், மூன்றாம் பகுதிகளைத் தனித்தனியாக ஊதி அடுக்கிவிட முடிகிறது. வேலைக்கு அது வசதி. ஆனால் பக்கத்து மனிதரின் மூச்சைக் கேட்டு ஊதும் காது அதில் வளராது. லீட் ஒலி தனியறையில் பாதிதான் உருவாகிறது. மீதிப் பாதி வரிசையில்தான் உருவாகும்.

ஆகவே பள்ளிகளிடமும் தேவாலயங்களிடமும் இசைக்கூடங்களிடமும் கேட்கிறேன். வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். காவல்துறை பேண்டிலும் படை பேண்டிலும் ஊதி ஓய்வு பெற்றவர்கள் இந்த ஊரில் வாழ்கிறார்கள். பேண்டு செட் மூத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியராக அழைத்து, உரிய மதிப்பும் ஊதியமும் கொடுங்கள். ஜாஸ் பழகும் பிள்ளையும், தேர்த் திருவிழாவில் ஊதும் பிள்ளையும், கீர்த்தனை வாசிக்கும் பிள்ளையும் ஒரே வரிசையில் அமரட்டும். வாரம் ஒருவர் முதல் நாற்காலியில் உட்காரட்டும். மற்றவர்கள் அவரைப் பின்பற்றட்டும். சுழற்சி முறையில் எல்லாரும் இரண்டையும் கற்பார்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு என் கடைசிச் சொல். நாளை காலை எழுந்ததும் எவ்வளவு உயரம் போக முடிகிறது என்று பார்க்காதீர்கள். நடு ஸ்தாயியில் ஒரு பஞ்சமத்தை எடுத்து, மென்மையாக, நேராக, ஒரு மூச்சு முழுவதும் நிறுத்துங்கள். அதன் தொடக்கமும் முடிவும் நீங்கள் நினைத்தபடி இருந்தால் அன்றைக்கு நீங்கள் லீட் ஆகிவிட்டீர்கள். மற்ற உயரங்கள் அந்தச் சுரத்திலிருந்தே வரும்.